இரும்பில் ஓர் எண், ஏட்டில் ஓர் எண்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைக் கூப்பிட்டபோது, "இருபது நிமிஷம் தர்றோம், அறிவுரை வேண்டாம், உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்தைச் சொல்லுங்க" என்றார். அறிவுரை இல்லாமல் எழுபது வயசுக்காரனைப் பேசச் சொல்வது உப்பில்லாமல் சாம்பார் வைக்கச் சொல்வது போல. முயற்சி செய்கிறேன்.

சென்ற ஆண்டு சந்திப்பில் பந்தியில் என் பக்கத்தில் ஒரு மாணவர் உட்கார்ந்திருந்தார். செல்பேசியை எடுத்து ஒரு படம் காட்டினார். பழைய ரைஃபிள் ஒன்று. ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையம் பின்னால் நீண்டு, நாலு விரலும் நுழைகிற மாதிரி இருந்தது. "சார், நீங்க என்.சி.சி.யில நல்லா சுடுவீங்களாமே? இது பக்கத்து ஊர்ல ஒருத்தர்கிட்ட இருக்கு. தாத்தா காலத்து ஐட்டம். வெலைக்குத் தராராம். வாங்கலாமா?" என்று கேட்டார்.

"தம்பி, உங்களுக்கு என்ன வயசு?" என்றேன்.

"பத்தொன்பது சார்."

"அப்ப பாயசம் சாப்பிடுங்க. மிச்சத்தை அடுத்த வருஷம் சொல்றேன்" என்றேன். இருபத்தொரு வயது நிரம்பாதவர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. அன்றைக்கு அவருக்கு அந்த ஒரு பதில் போதும். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் அதே மாதிரி ரைஃபிள் ஒன்று எங்கள் குடும்பத்தில் இருந்தது. அதை வாங்கும்படி என்னையும் ஒருவர் கேட்டார். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் 1974-இல் இந்தக் கல்லூரியை விட்டுப் போனவன். பௌதிகம் படித்தேன், நினைவில் நின்றது என்.சி.சி.யின் .22 ரைஃபிள்தான். பிறகு இராணிப்பேட்டையில் டேனரி மெஷின்கள் பராமரிப்பில் முப்பத்து நான்கு வருஷம். ஃபிளெஷிங் மெஷின், ஷேவிங் மெஷின், ஸ்பிளிட்டிங் மெஷின் என்று பழைய இரும்பை வாங்குவதும் விற்பதும் பிரித்துப் போடுவதும்தான் தொழில். என் முதல் மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்வார்: "பெயிண்டைப் பார்க்காதே, பெயர்த் தகட்டைப் பாரு." பழைய மெஷினுக்குச் சொன்ன அந்த வார்த்தை பழைய துப்பாக்கிக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும்.

முதலில், இந்த லீவர் ரைஃபிள் என்பது என்ன?

1972-இல் வந்த 'கங்கா' படத்தில் ஜெய்சங்கர் தொப்பி போட்டுக் குதிரையில் வந்தாரே, 2010-இல் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' வந்ததே, அந்த மாதிரிப் படங்களின் உலகத்து ஆயுதம் இது. ட்ரிகர் வளையத்தோடு சேர்ந்த கைப்பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் மூன்று வேலை நடக்கும். சுட்ட தோட்டாவின் காலி உறை வெளியே விழும். குதிரை என்று நம் நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் சொல்லும் சுத்தி பின்னால் சாய்ந்து நிற்கும். அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். அமெரிக்காவில் 1860-இல் ஹென்றி ரைஃபிள், 1866 முதல் வின்செஸ்டர் என்று இது பரவியது. ஜான் பிரவுனிங் என்ற மேதை வரைந்து கொடுத்த 1894-ஆம் ஆண்டு மாடல் மட்டும் எழுபது லட்சத்துக்கு மேல் விற்றது.

"அமெரிக்கத் துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளை இங்கே பலர் படித்திருப்பீர்கள். 1910-இல் பிறந்து 1974-இல் மறைந்தவர். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் அவர் தோளில் தொங்கியது .405 வின்செஸ்டர், 1895-ஆம் ஆண்டு மாடல் லீவர் ரைஃபிள். நம் ஏலகிரி மலையில் ஆள்கொல்லியாகிவிட்ட சிறுத்தையைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போனதும் இதே .405 தான். ஆக, நம் ஜோலார்பேட்டைக்குப் பக்கத்து மலைக்கும் இந்த இரும்புக்கும் பழைய உறவு.

வேட்டைக் காலம் 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்தது. முடிந்தது நல்லது. ஆனால் துப்பாக்கிகள் அப்படியே தங்கிவிட்டன. எஸ்டேட் துரைமார் ஊருக்குப் புறப்பட்டபோது விற்றுவிட்டுப் போனது, ஜமீன் வீட்டிலிருந்து கைமாறியது என்று பல வீடுகளில் பரணில் கிடந்தன. எங்கள் பெரியப்பா வீட்டுப் பரணிலும் ஒன்று கிடந்தது.

பெரியப்பாவுக்குக் கலவை. ஆற்காட்டிலிருந்து திமிரி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால் இறங்குகிற கலவைதான். அப்போது வட ஆற்காடு மாவட்டம். இன்று இராணிப்பேட்டை மாவட்டம். கொஞ்சம் நஞ்சை, கொஞ்சம் மணிலா போடுகிற புஞ்சை, ஒரு பெரிய வீடு. 1958-இல் ஏற்காட்டில் எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் அந்த ரைஃபிளை முறைப்படி வாங்கினார். வின்செஸ்டர் 94, முப்பது-முப்பது என்று சொல்கிற தோட்டா. ஊரில் அதற்குப் பெயர் 'துரை துப்பாக்கி'. அவர் அதைச் சுட்டு நான் பார்த்ததில்லை. ஆயுத பூஜைக்குப் பூஜை வெளியே வரும். சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. மறுநாள் எண்ணெய் போட்டுத் துடைத்து உறைக்குள் போய்விடும். அந்த உறை பெரியப்பாவின் பெருமை. ஆவாரம் பட்டையில் பதனிட்ட அசல் நாட்டுத் தோல். அளவெடுத்துத் தைக்கச் சொன்னது. "துப்பாக்கி அமெரிக்கா, சட்டை நம்ம ஊர்" என்பார்.

1988 ஐப்பசியில் பெரியப்பா காலமானார். காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "தம்பி, இதை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்னு சொல்றாங்க. நீ இரும்பு தெரிஞ்சவன். ஒரு தரம் பார்த்துடு" என்றார்.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் உரிமம் தானாக மகனுக்கு வராது. வீட்டுப் பட்டா மாதிரி அல்ல அது. துப்பாக்கியைத் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம், அல்லது உரிமம் உள்ள ஒருவருக்கு விற்கலாம். இரண்டும் செய்யாமல் "அப்பா ஞாபகமா இருக்கட்டும்" என்று பரணில் வைத்தால், அப்பா வைத்திருந்தபோது சொத்து. நாம் வைத்திருக்கும்போது குற்றம்.

கூடத்தில் பாயை விரித்து ரைஃபிளை எடுத்தோம். முதல் வேலை, குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, லீவரைத் திறந்து உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது. "காலிதான், முப்பது வருஷமா காலி" என்றார் அண்ணன். காலித் துப்பாக்கி என்று ஒன்று உலகத்தில் கிடையாது, கண்ணால் பார்க்கிற வரைக்கும். இந்த வகை ரைஃபிளில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு நீளக் குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். அதில் ஒன்று சிக்கிக்கொண்டு நின்றாலும் வெளியிலிருந்து தெரியாது. லீவரை நாலைந்து தரம் இயக்கி, விரலையும் விட்டுப் பார்த்த பிறகுதான் காலி.

இரண்டாவது வேலை, மேஸ்திரி சொன்ன பெயர்த் தகடு. துப்பாக்கிக்கு அது தனித் தகடு அல்ல, இரும்பிலேயே அடித்திருக்கும். குழல் மீது கம்பெனி பெயர், மாடல், எந்தத் தோட்டா என்கிற விவரம். பரிசோதனை முத்திரை தனியாக. 1905 முதல் வின்செஸ்டர் துப்பாக்கிகளில் ஒரு நீள்வட்டத்துக்குள் டபிள்யூ, பி என்ற இரண்டு எழுத்துகள் பின்னியிருக்கும். இங்கிலாந்து வழியாக வந்திருந்தால் லண்டன் அல்லது பர்மிங்காம் கிரீடக் குறியும் சேர்ந்திருக்கலாம். சில பழைய துப்பாக்கிகளில் 'ஓக்ஸ், மதராஸ்' என்றோ 'பி. ஓர், மதராஸ்' என்றோ செதுக்கியிருக்கும். அது விற்ற கடையின் பெயர். செய்தவர் பெயர் என்று நினைத்து ஏமாறக் கூடாது. ஜவுளிக்கடைப் பையில் கடையின் பெயர் இருக்கிறது என்பதற்காக அந்தக் கடையா சேலை நெய்தது?

கம்பெனி பெயரை மட்டும் நம்பாமல் உருவத்தையும் பார்க்க வேண்டும். மேல்பக்கம் திறந்து, காலி உறை தலைக்கு மேலே எகிறினால் அது பழைய வின்செஸ்டர் ஜாடை. மேல்பக்கம் தட்டையாக மூடி, உறை வலப்பக்கம் விழுந்தால் மார்லின். சுத்தியே வெளியில் தெரியாவிட்டால் சாவேஜ் 99 ஆக இருக்கலாம். குழலுக்குக் கீழே குழாய் இல்லாமல் ட்ரிகருக்கு முன்னால் பெட்டி மாதிரி இறங்கியிருந்தால் ஆண்டர்சன் வைத்திருந்த 1895. ஒரு பெயர் அடித்து வேறு உருவம் இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது, எண். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு வரிசை எண் உண்டு. 94-இல் அது தோட்டா ஏறி இறங்குகிற இரும்புப் பெட்டியின் அடியில், முன்பக்கமாக இருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, டார்ச் அடித்து நான் ஒவ்வொரு இலக்கமாகப் படித்தேன். அண்ணன் உரிமப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒப்புப் பார்த்தார். கடைசி மூன்று இலக்கம் வந்தபோது நான் "ஏழு, ஒன்று, நாலு" என்றேன். அண்ணன் பேசவில்லை. புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். அதில் 114 என்று இருந்தது.

அந்த நிமிஷத்தில் வீடு அமைதியானது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. புத்தகத்தில் இருக்கிற துப்பாக்கி வீட்டில் இல்லை. வீட்டில் இருக்கிற துப்பாக்கி புத்தகத்தில் இல்லை.

பிறகு யோசித்தால் நடந்தது விளங்கியது. 1958-இல் யாரோ பிரதி எடுக்கும்போது ஏழை ஒன்றாக எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ புதுப்பிப்பு. தேர்தலுக்குத் தேர்தல் துப்பாக்கியை ஒப்படைத்து வாங்கிய ரசீதுகள் ஒரு கட்டு இருந்தன. எல்லாவற்றிலும் 114. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியிருக்கிறார்கள். முப்பது வருஷத்தில் ஒருவரும் இரும்பைப் பார்த்து எழுதவில்லை. பெரியப்பாவும் பார்க்கவில்லை, சந்தனம் வைத்தாரே தவிர எண்ணைப் படிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. அன்றிரவு ஒரு தரகர் வந்தார். மெதுவாகப் பேசினார். "ஏட்டுல இல்லாத பொருள்தானே? இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? தொலஞ்சு போச்சுன்னு ஒரு மனு எழுதிக் கொடுத்துடுங்க. ராத்திரியே ரொக்கம் தர்றேன்" என்று ஒரு தொகை சொன்னார். சின்னத் தொகை இல்லை. அண்ணன் மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் பெரிய நியாய உணர்ச்சி பொங்கவில்லை என்பதை இந்த மேடையில் ஒத்துக்கொள்கிறேன். பயம்தான் வந்தது. அந்த ரைஃபிள் எங்கேயோ போய், யார் கையிலோ மாட்டி, ஒரு நாள் யாரையோ சுட்டால், அந்த 714 எந்த வீட்டிலிருந்து புறப்பட்டது என்று கேட்டு வருவார்கள் அல்லவா? வராவிட்டாலும் நமக்குத் தெரியுமே.

முடிவு செய்தவர் நானும் இல்லை, அண்ணனும் இல்லை. உள்ளே இருந்த பெரியம்மா. தாலி இறக்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. வாசல்படிக்கு வந்து, "அவரு வாங்கினப்ப எழுதிக் கொடுத்த காயிதம் பொட்டியில இருக்கு. அதைப் பாருங்க. அவரு திருட்டுச் சாமான் வாங்கலை" என்றார்கள். தரகர் எழுந்து போனார். நிலப் பத்திரங்களுக்கு நடுவில் அந்தக் காகிதம் இருந்தது. டைப் அடித்த கடிதம். விற்றவர் பெயர், வாங்கினவர் பெயர், மாடல், எண். கடைசி மூன்று இலக்கம் 714.

மறுநாள் காலை துப்பாக்கி, உரிமம், ரசீதுக் கட்டு, அந்தக் கடிதம் நான்கையும் எடுத்துக்கொண்டு நேரே நிலையத்துக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னோம். இரும்பில் உள்ள எண்ணையே எழுதி ரசீது தரச் சொல்லி வாங்கினோம். ஏட்டைத் திருத்த இரண்டு வருஷம் அலைந்தார் அண்ணன். ஆனால் திருத்தம் வந்தது. ஒரு பழைய காகிதம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது. வெறும் ஏழும் ஒன்றும் மாறினதற்கு இத்தனையா என்று நினைக்காதீர்கள். எண்ணை அராவி அழித்த துப்பாக்கியை வைத்திருப்பவர், அதை அவரேதான் அழித்தார் என்று சட்டம் அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிக்கிற பாரம் அவர் தலையில். எண்தான் துப்பாக்கியின் உயிர்நாடி.

1990-இல் சென்னையில் உரிமம் பெற்ற ஒரு வியாபாரியிடம் ரைஃபிள் மாற்றி வைக்கப்பட்டது. அண்ணன் என்னிடம் வந்தார். "வீட்டைவிட்டுப் போக வேண்டாம்டா. உங்கிட்ட ரைஃபிள் கிளப் லைசென்ஸ் இருக்கு. இதையும் சேர்த்துக் கேளு. நீயே வாங்கிக்கோ. வெளியில என்ன வெல போகுதோ அதைக் கொடு" என்றார். வெளியில் விலை அதிகம். 1980-களின் நடுவிலிருந்து தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிக்குக் கதவு சாத்தியாகிவிட்டதால், உள்ளே இருக்கிற பழசுக்கெல்லாம் மவுசு. எனக்கும் ஆசைதான். சின்ன வயசில் ஆயுத பூஜையன்று தொட்டுக் கும்பிட்ட துப்பாக்கி. பணமும் சேர்த்து வைத்திருந்தேன்.

வியாபாரியின் பட்டறையில், அவருடைய துப்பாக்கி மேஸ்திரி முன்னால் பிரித்துப் பார்த்தோம். வெளியே நீல மெருகு பளபளத்தது. ஆனால் மேஸ்திரி மெருகைப் பார்க்கவில்லை, திருகுகளைப் பார்த்தார். திருகுத் தலை சிதைந்திருந்தால் தெரியாதவன் கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். இதில் சுத்தமாக இருந்தது. கம்பெனி எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று நகத்தால் தடவினார். மழுங்கியிருந்தால் பட்டை போட்டு மறுமெருகு ஏற்றியது. கட்டையில் கைப்பிடி ஒடுங்குகிற இடத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். காலித் துப்பாக்கியில் சுத்தியை முழுதும் ஏற்றி, ட்ரிகரைத் தொடாமல் கட்டை விரலால் முன்னால் தள்ளிப் பார்த்தார். தள்ளினால் விழுந்தால் அது ஆளைக் கொல்லும். விழவில்லை. லீவரை மூடினால் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். சரியாக இருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

பிறகு முன்கட்டையைக் கழற்றினார். கழற்றியதும் இரண்டு பேரும் பேசவில்லை. மரத்துக்கு அடியில், உறைக்குள் அழுந்தியிருந்த குழலின் அடிப்பக்கம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக அரித்திருந்தது. வளையத்துக்கு அடியில் முப்பது வருஷத்துக் குங்குமம் கெட்டித்துக் கிடந்தது.

இங்கே உட்கார்ந்திருக்கிற ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, விஷாரம் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆவாரம் பட்டைத் தொட்டியில் ஓர் ஆணி விழுந்தால் என்ன ஆகும்? தோல் கறுத்துப் போகும். அதனால்தான் பட்டைத் தொட்டிக்குப் பக்கத்தில் இரும்பை அண்டவிட மாட்டோம். இரும்பு தோலுக்குச் செய்கிறதைத் தோலும் இரும்புக்குச் செய்யும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பட்டையில் பதனிட்ட தோலில் புளிப்புத்தன்மை உண்டு. மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதற்குள் இரும்பை வருஷக்கணக்கில் வைப்பது ஊறுகாய் ஜாடியில் வைப்பது போல. குரோம் தோலானாலும் உப்பு மிச்சம் இருக்கும், ஈரமும் பிடிக்கும். தோல் உறை எடுத்துப் போக; வைத்திருக்க அல்ல. டேனரியில் வேலை பார்த்த நான், பக்கத்திலேயே இருந்துகொண்டு, ஒரு நாளும் பெரியப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. அவர் பெருமையே அவர் துப்பாக்கியைத் தின்றது.

மேஸ்திரி குழலுக்குள் விளக்கைப் போட்டுக் காட்டினார். திருகு மரை போலச் சுற்றி ஓடும் பள்ளங்கள் வாய்ப்பக்கம் நன்றாகவே தெரிந்தன. நடுவில் ஒரு கறுப்பு வளையம், நிழல் விழுந்த மாதிரி. எப்போதோ குழலில் அடைப்பு இருந்தபோது சுட்டிருக்கிறார்கள். அந்த இடம் உப்பியிருக்கிறது. ஒருவேளை துரை காலத்திலேயே நடந்திருக்கலாம். "வெச்சிருக்கலாம் சார். சுட வேண்டாம்" என்றார் மேஸ்திரி.

இன்னொரு கேள்வி பாக்கி: தோட்டா. இஷாப்பூரில் செய்கிற .315 ரைஃபிளுக்கு நம் ஆயுதத் தொழிற்சாலைத் தோட்டா உண்டு. பன்னிரண்டு போர் துப்பாக்கிக்கு உண்டு; .22-க்கு உண்டு. முப்பது-முப்பதுக்கு எங்கே போவது? குழாயில் வரிசையாகப் படுக்கிற தோட்டாவுக்கு மூக்கு தட்டையாக இருக்க வேண்டும். கூர் மூக்கு இருந்தால் முன்னால் இருக்கிற தோட்டாவின் பிரைமரைக் குத்தும், குழாய்க்குள்ளேயே வெடிக்கும். ஆக, "ஏதோ கிடைத்ததைப் போட்டுக்கலாம்" என்கிற பேச்சுக்கே இடமில்லை. தோட்டா கிடைக்காத ரைஃபிள், சக்கரம் கிடைக்காத வண்டி. வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் அண்ணனிடம் சொன்னேன். "அண்ணே, நான் வாங்கலை. வெளியில விக்கிறதா இருந்தாலும் குழலைப் பத்திச் சொல்லித்தான் விக்கணும்" என்றேன். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீ வாங்காட்டிப் போ. ஆனா ஊருக்கெல்லாம் சொல்லணுமா? நம்ம வீட்டுச் சாமானை நீயே குறை சொல்றியே" என்றார். வியாபாரி உதிரி பாகத்தின் விலைக்கு எடுத்துக்கொண்டார். அண்ணன் எதிர்பார்த்ததில் கால்வாசிகூட இல்லை. மூன்று வருஷம் என்னோடு பேசவில்லை. அவர் மகள் கல்யாணத்தில் நான் பந்தி பரிமாறினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

1993-இல் என் வீட்டுக் கிருகப்பிரவேசத்துக்கு வந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, "அந்தக் குழல் வெடிச்சு வாங்கினவன் கண்ணு போயிருந்தா, கல்யாணப் பந்தியில சோறு எறங்கியிருக்காதுடா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சரி, இன்றைய நிலைமைக்கு வருகிறேன். 2016-இல் புது ஆயுத விதிகள் வந்தன. உரிமம் கேட்பவர் துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஒவ்வொரு உரிமத்துக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் உண்டு. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, முன்பு மூன்று. உரிமத்தின் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமானது. தனியார் ஒருவர் உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்க வேண்டுமானால், வாங்குபவர் பெயர் விலாசத்தோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகுதான் கை மாற்றலாம். ராத்திரியில் ரொக்கம் என்கிறவர் இந்த 45 நாளுக்குப் பயப்படுகிறவர். அதை வைத்தே அவரை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

படம் காட்டிய மாணவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார் என்று தெரியும். தம்பி, உங்களுக்குத் துப்பாக்கி ஆசை இருந்தால் அது தப்பில்லை. என்.சி.சி. இருக்கிறது, ரைஃபிள் கிளப் இருக்கிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது ஏர் ரைஃபிளில்தான். முதலில் அங்கே போய் மூச்சை அடக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து ஊர்க்காரரிடம் போய், வாங்குகிறவராக இல்லாமல், தெரிந்தவராக மூன்று கேள்வி கேளுங்கள். உரிமம் யார் பெயரில் இருக்கிறது? இரும்பில் உள்ள எண்ணும் ஏட்டில் உள்ள எண்ணும் ஒன்றா? வாங்கின காகிதம் எங்கே? பதில் இல்லையென்றால், நிலையத்துக்குப் போகும் வழியைச் சொல்லுங்கள். அவருக்கு நீங்கள் செய்கிற பெரிய உதவி அது.

இங்கே இருக்கிற என் வயசுக்காரர்களுக்கும் ஒரு வேலை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பரணைப் பாருங்கள். துப்பாக்கி இல்லாவிட்டாலும் பத்திரம், பட்டா, வண்டிப் புத்தகம் என்று ஏதோ ஒன்று இருக்கும். எண்ணை எடுத்து ஒப்புப் பாருங்கள். நாம் உயிரோடு இருக்கும்போது திருத்தினால் ஒரு மனுவோடு முடியும். நாம் போன பிறகு நம் பிள்ளைகள் இரண்டு வருஷம் அலைய வேண்டியிருக்கும்.

அந்தத் தோல் உறை மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது, அண்ணன் கொடுத்தது. நல்ல வேலைப்பாடு, நல்ல தோல். உள்பக்கம் மட்டும் ஒரு ரைஃபிள் நீளத்துக்குக் கறுத்திருக்கிறது.

இருபது நிமிஷத்தைத் தாண்டிவிட்டேன் போலிருக்கிறது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.